குருசடிக்கு முதலில் வந்த வண்டி

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, காருக்கு ஆயில் மாற்றியது. மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த பிறகு. அப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். நான் பழைய பெயின்ட் வாளியை உள்ளே தள்ளிக் கொடுத்தேன். ஆயில் கறுப்பாக இறங்கியது. அப்பா அதில் விரலை விட்டு, பெருவிரலால் தேய்த்து, வெயிலில் நீட்டிப் பார்த்தார்.

"இரும்புத் தூள் ஒண்ணும் இல்ல மக்கா. டர்போவுக்க பேரிங் நல்லா இரிக்கி. எட்சன் சொல்லித் தந்தான், இப்பிடிப் பாக்கணும்னு."

சென்னைக்குப் பக்கத்தில் கார் இன்ஜின்களைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் எனக்கு வேலை. டர்போ வைத்த இன்ஜினுக்கு எந்த நேரத்தில் எவ்வளவு பெட்ரோல், எப்போது பொறி என்று கணக்கிட்டு அமைப்பதுதான் நான் செய்வது. ஆயிலை விரலில் தேய்த்துப் பார்க்க எனக்கும் தெரியும். அப்பா படகு மெக்கானிக் எட்சன் பெயரைச் சொன்னார்.

புது ஆயிலை நான் ஊற்றினேன். புனல் நிரம்பி இன்ஜின் மேல் வழிந்தது.

"பைய ஊத்து. யாரு மேல உள்ள கோவத்த ஆயில்ல காட்டுத?"

வழிந்ததைத் துணியால் துடைத்தேன்.

ஜூன் மாதம் அப்பா போய்விட்டார். மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், நெஞ்சு அடைக்கிறது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். பக்கத்துத் தெருவிலிருந்து எட்சன் ஓடி வந்து அதே காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனான். ஆஸ்பத்திரி வாசலில் பார்த்துவிட்டு, முடிந்துவிட்டது என்றார்கள். நான் சென்னையில் இருந்தேன். அப்பாவோடு அந்த வண்டியில் கடைசியாகப் போனவனும் எட்சன்தான்.

அப்பா பெயர் ததேயு. ராஜாக்கமங்கலம் துறையில் பிறந்தவர். கடலுக்குப் போனதில்லை. படகு ஏறினால் வாந்தி. ஐஸ் பிளான்டில் கம்ப்ரசர் ஓட்டுகிற வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ரிட்டயர் ஆனார். அமோனியா வாடை சட்டையில் எப்போதும் இருக்கும். கேஜைப் பார்க்காமல் சத்தத்தை வைத்து அழுத்தம் சொல்லுவார், பாதி நேரம் தப்பாகச் சொல்லுவார். கோபம் சீக்கிரம் வரும், சீக்கிரம் போகும். பொறாமை மட்டும் போகாது.

எல்லாரிடமும் இல்லை. தம்பியிடம் மட்டும்.

தம்பி சிலுவை, என் சித்தப்பா, பஹ்ரைனில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்தவர். எங்கள் வீட்டிலிருந்து ஐந்தாவது வீடு. சண்டை எதுவும் கிடையாது. மீன் குழம்பு வைத்தால் இங்கிருந்து அங்கே போகும், அங்கிருந்து இங்கே வரும். ஆனால் சித்தப்பா மாடியில் தண்ணீர்த் தொட்டி கட்டினால் அடுத்த மழைக்கு முன் எங்கள் மாடியிலும் ஒன்று ஏறும், ஒரு வளையம் கூடுதலாக. சித்தப்பா கோயில் பாடகர் குழுவில் சேர்ந்தபோது, குரலே இல்லாத அப்பா ஒரு மாதம் தொண்டையைக் கிழித்துக்கொண்டார். சித்தப்பா மகள் நர்சிங் சேர்ந்த வருடம்தான், "எனக்க மவ இன்ஜினியரிங்" என்று என்னிடம் கேட்காமலேயே தெரு முழுக்கச் சொன்னார். அந்தப் பொறாமைக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

எண்ணெய் விஷயத்தில்தான் அவரால் எதுவும் செய்ய முடியவில்லை.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வருடா வருடம் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குக் காரில் போய்வரும் வீடுகளில், எந்த வண்டி முதலில் திரும்பி வந்து தெருமுனையில் சிலுவை நட்ட சின்னக் கோயிலான குருசடியில் நிற்கிறதோ, அந்த வண்டியில் வந்த மாதா எண்ணெய்தான் தெருவுக்கு. குருசடி வாசலில் வைத்தே ஒவ்வொருவருக்கும் நெற்றியில் பூசி, கொஞ்சம் பங்கு வைத்துக் கொடுப்பார்கள். மிச்சம் அந்த வீட்டில் இருக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல், கால் சுளுக்கு, பரீட்சை என்று அடுத்த கொடியேற்றம் வரை எல்லாரும் அந்த வீட்டு வாசலில்தான் போய் நிற்பார்கள்.

போகிற வண்டிகள் பெரும்பாலும் இரண்டு. அப்பாவுடையது, சித்தப்பாவுடையது. சித்தப்பா கார் டீசல், கம்பெனியே டர்போ வைத்துக் கொடுத்தது. அப்பா கார் பழைய பெட்ரோல் செடான், டர்போ இல்லாதது. போகும்போது பிரச்சினை இல்லை. திரும்பும்போது ஆவணிக் காற்று. பணகுடி தாண்டியதும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக எதிரே வந்து முகத்தில் அறையும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளைச் சும்மா நட்டு வைக்கவில்லை. அந்த இடத்தில் அப்பா கார் மூச்சு வாங்கும். ஐந்தாவது கியரிலிருந்து நாலு, நாலிலிருந்து மூன்று. சித்தப்பா ஒரு ஹாரன் அடித்துவிட்டுத் தாண்டிப் போவார்.

மூத்தவன் வீடு இங்கே இருக்க, தெருக்காரர்கள் எங்கள் வாசலைக் கடந்து தம்பி வீட்டுக்கு எண்ணெய் கேட்டுப் போனார்கள். வருடக்கணக்காக. அப்பா ஜன்னலைச் சாத்திவிடுவார். அம்மா கேட்டால், "வெயில் அடிக்கி" என்பார். அந்த ஜன்னல் வடக்கு பார்த்தது.

டர்போ என்பது எளிய சாமான். ஒரு தண்டின் இரண்டு முனைகளிலும் இரண்டு சக்கரங்கள். இன்ஜின் வெளியே தள்ளும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும். அது சுற்றினால் மறுமுனைச் சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அழுத்தி இன்ஜினுக்குள் திணிக்கும். கூடுதல் காற்று, கூடுதல் பெட்ரோல், கூடுதல் இழுவை. சிக்கல் ஒன்றுதான். அழுத்தினால் காற்று சூடாகும். சூடான காற்றில் பெட்ரோல் தன் நேரத்துக்கு முன்னால் பற்றும். இன்ஜினுக்குள் ஆணி டப்பாவைக் குலுக்கியதுபோல் சத்தம் வரும். அதைக் கேட்டும் மிதித்தால் பிஸ்டன் உடையும்.

அப்பா ரிட்டயர் ஆன பிறகு, எட்சனோடு சேர்ந்து இதைத் தொடங்கியிருக்கிறார். எட்சன் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். நாகர்கோவில் பழைய இரும்புக் கடையில் சின்ன டீசல் கார் ஒன்றின் டர்போ கிடைத்தது. இரும்புக் குழாயை வளைத்து வெல்டு செய்து எட்சன் அதை அப்பா காரில் மாட்டினான். காற்றைக் குளிர வைப்பது அப்பா பொறுப்பு. வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை அது. மீன் போடுகிற ஐஸ் பெட்டி ஒன்றை டிக்கியில் வைத்து, அதிலிருந்து சின்ன மோட்டாரால் ஐஸ் தண்ணீரை முன்னால் அனுப்பினார். டர்போவிலிருந்து வரும் காற்று அந்தத் தண்ணீர் ஓடும் அலுமினியக் கூட்டுக்குள் புகுந்து, குளிர்ந்து, இன்ஜினுக்குப் போகும்.

ஐஸ் பிளான்டில் எல்லாமே உப்புத் தண்ணீர். உப்புப் போட்டால்தான் குளிர்ச்சி கீழே இறங்கும். பழக்கத்தில் இங்கேயும் இரண்டு படி கல்லுப்பைக் கொட்டினார். சில வாரங்களில் உப்பு அலுமினியத்தைத் தின்று ஓட்டை போட்டது. இன்ஜின் வெள்ளைப் புகை தள்ளியது. அப்பா குழாயைக் கழற்றி நக்கிப் பார்த்துவிட்டு, "கடல் கேறிட்டுது எட்சா" என்றாராம்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது எட்சனின் வாட்ஸப் ஸ்டேட்டஸில். ஆபீஸ் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வீடியோவில் எங்கள் வீட்டு முற்றம், திறந்த பானெட், உள்ளே டர்போ. அப்பா குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார். எட்சன் கை அவர் தோளில் கிடந்தது.

டர்போதான் எனக்குச் சோறு போடுகிறது. அந்த ஊரில் டர்போ பற்றிப் படித்தவள் நான் ஒருத்தி. போன் செய்தேன்.

"என்கிட்ட ஏம்பா சொல்லல?"

"நீ வேண்டாம்னு சொல்லுவ."

"வேண்டாம்னுதான் சொல்லுவேன். இன்ஜின் உடஞ்சிரும்."

"பாத்தியா. எட்சன் அப்பிடிச் சொல்லல."

அந்த வாரமே லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். இன்ஜினைத் தனியாகவே கட்டுப்படுத்தும் ஒரு சின்னக் கம்ப்யூட்டரும், பெட்ரோல் பீய்ச்சும் பெரிய இன்ஜெக்டர்களும், சென்சார்களும் பையில் இருந்தன. இன்ஜின் உடையாமல் காப்பாற்ற வந்ததாக எல்லாரிடமும் சொன்னேன்.

விடிந்ததும் கடற்கரைச் சாலையில் ஓட்டிப் பார்க்கப் புறப்பட்டோம். முன் சீட்டில் எட்சன் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான்.

"நான் முன்னால இருக்கணும். லேப்டாப் வயர் எட்டாது," என்றேன். வயர் எட்டும்.

"எட்சனுக்கு சத்தம் கேக்கணுமே மக்கா," என்றார் அப்பா.

எட்சன் சிரித்துக்கொண்டே இறங்கினான். "இரிக்கட்டு மாமா. சென்னை இன்ஜினியர் வந்தாச்சி. இனி எனக்க காதுக்கு பென்ஷன்."

"ஒனக்க காது படகு இன்ஜின்லயே செவிடாப் போச்சில்லா," என்றேன்.

"அதும் சரிதான். அதுக்கொண்டு நீ ஏசுதது ஒண்ணும் கேக்காது எனக்கு."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு அவனுக்குப் போனது.

ஓட்டி ஓட்டிப் பார்த்ததில் விஷயம் தெளிவானது. அவர்கள் வீட்டு முற்றத்திலிருந்து, பெட்டி நிறைய ஐஸோடு கிளம்பித்தான் எப்போதும் சோதித்திருக்கிறார்கள். ஐஸ் இருக்கும்வரை வண்டி பறக்கும். உருகியதும் ஆணி டப்பா சத்தம். ஐஸ் பக்கத்திலேயே கிடைக்கிறவர்கள் செய்யும் தப்பு அது. அது தீர்ந்துபோகும் என்றே இருவருக்கும் தோன்றவில்லை.

நான் இரண்டு அமைப்புகள் எழுதினேன். ஐஸ் இருந்தால் ஒன்று, முழு அழுத்தம். ஐஸ் இல்லாவிட்டால் இன்னொன்று, பாதி அழுத்தம், இன்ஜினுக்கு ஆபத்து இல்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சுவிட்ச்.

"ஐஸ் இல்லாத சுவிட்ச்ல சிலுவையப் பிடிக்கலாமா?" அப்பா கேட்டார்.

"பிடிக்க முடியாது. வேளாங்கண்ணிலேருந்து வர வரைக்கும் ஐஸ் நிக்கவும் செய்யாது. இந்த வருஷம் விடுங்கப்பா."

அப்பா கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தார். எட்சன் கண்ணாடியில் அப்பாவைப் பார்த்தான். எனக்கு அது பிடிக்கவில்லை.

போன வருடம் கொடியேற்றம் முடிந்து மறுநாள் திரும்பினோம். அப்பா ஓட்ட, அம்மா முன்னால், நான் பின்னால் லேப்டாப்போடு. சித்தப்பா வண்டி கூடவே வந்தது. மேலே கேரியரில் சித்தி வாங்கிய பாய்களும் பிளாஸ்டிக் டப்பாக்களும் கட்டியிருந்தன. நாங்குநேரி தாண்டியதும் சித்தப்பா பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்கினார்.

"அண்ணே, பைய வா! நான் போயி குருசடில திரி கொளுத்தி வைக்கேன்!"

"போ, போ," என்று அப்பா கையாட்டினார். முகம் கல்லாக இருந்தது.

பணகுடியில் காற்று பிடித்தது. வண்டி ஆடியது. டர்போ பாதி அழுத்தத்தில் முனகியது. முன்பைவிட மேல்தான், ஆனாலும் சித்தப்பா வண்டி சின்னதாகிக்கொண்டே போனது. காவல்கிணறு வந்ததும் அப்பா ஒரு டீக்கடை ஓரம் ஒதுக்கினார்.

"இப்பம் என்னத்துக்கு நிப்பாட்டுதிய? ஒண்ணுக்கா?" அம்மா கேட்டாள்.

டீக்கடை மறைவிலிருந்து எட்சன் வந்தான். பைக்கின் பின்னால் ஈரச் சாக்கு போர்த்திய மீன் பெட்டி. நாகர்கோவில் வழியாக எதிரே வந்து காத்திருந்திருக்கிறான். அப்பா முகம் விரிந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். ரயிலடிக்கு என்னை அழைக்க வரும்போது அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

இருவரும் டிக்கியைத் திறந்து, வெந்நீராகிப்போன தண்ணீரைச் சாய்த்துவிட்டு, நொறுக்கிய ஐஸைக் கொட்டினார்கள். பழகிய கைகள். நான் இறங்கி உதவப் போனேன். எனக்குப் பிடிக்க எதுவும் மிச்சமில்லை.

"போங்க மாமா, போங்க! இப்பம்தான் தாண்டிச்சு!"

அம்மா ஜெபமாலையை இறுக்கிக்கொண்டாள். "மாதாவே, இந்த மனுசனுக்கு கொஞ்சம் புத்தி குடு."

அப்பா சுவிட்சைத் தட்டினார். லேப்டாப்பில் காற்றின் சூடு இறங்கியது, அழுத்தம் ஏறியது. ஆணி டப்பா சத்தம் இல்லை. நான் எழுதிய எண்கள் ஒவ்வொன்றும் சரியாக நின்றன. எதிர்க்காற்றில் ஐந்தாவது கியரிலேயே வண்டி போனது. முப்பந்தல் தாண்டி, கேரியரில் பாய்கள் படபடக்கும் வண்டி தெரிந்தது. காற்று அந்தப் பாய்களைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தது. அப்பா வலது பக்கம் எடுத்தார். ஹாரன் அடிக்கவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். சித்தப்பா வாய் திறந்திருந்தது.

"தம்பி மொகத்தப் பாத்தியளா? பாவம்," என்றாள் அம்மா.

"நான் பாக்கல," என்றார் அப்பா. தோவாளை வரை கண்ணாடியில் அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.

குருசடியில் தெருவே நின்றது. அம்மா இறங்கித் திரி கொளுத்தினாள். அப்பா டிக்கியைத் திறந்து எண்ணெய்க் கேனை எடுத்தார். யாரோ, "ததேயு அண்ணன் வண்டியா மொதல்ல?" என்று கேட்டார்கள்.

"எட்சன் கொண்டு வந்த ஐஸ்," என்றார் அப்பா. கொஞ்சம் கழித்து, "மவளுக்க கம்ப்யூட்டர் வேலயும் உண்டு," என்றார்.

கொஞ்சம் கழித்து.

அந்த வருடம் அப்பா ஜன்னலைச் சாத்தவில்லை. முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். யாராவது எண்ணெய் கேட்டு வந்தால், "லீமா! மாதா எண்ணெய் எடுத்துட்டு வா!" என்று ஐந்தாவது வீட்டுக்குக் கேட்கும்படிக் கத்துவார். அம்மா பின்னாலேயே நின்றுகொண்டிருப்பாள். ஒருநாள் சித்தப்பாவே முழங்கால் வலிக்கு வந்து கேட்டார். அப்பா தன் கையால் தேய்த்துவிட்டாராம். அரை மணி நேரம். அவ்வளவு சந்தோஷமாக அவரைத் தான் கண்டதேயில்லை என்று அம்மா சொன்னாள்.

தவக்காலத்தில் சித்தப்பா கார் நீலப் புகை விடத் தொடங்கியது. டர்போ ஊளையிட்டது. சித்தப்பா நேரே அப்பாவிடம் வந்தார். அப்போது நான் ஊரில் இருந்தேன்.

"அண்ணே, இதெல்லாம் ஒனக்குத்தான் தெரியும். நீ பாத்துச் சொல்லு."

அப்பாவும் எட்சனும் டர்போவைக் கழற்றினார்கள். பேரிங் தேய்ந்து தண்டு ஆடியது. "திருநெல்வேலில எனக்குத் தெரிஞ்ச கட உண்டு. புதுசு போலச் செஞ்சி தருவான். நானே கொண்டு குடுக்கேன். நீ வேற எங்கயும் அலையாண்டாம்," என்றார் அப்பா. சாக்கில் சுற்றிக் கட்டில் அடியில் வைத்தார்.

ஈஸ்டர் கழிந்தது. சித்தப்பா கேட்கும்போதெல்லாம் பதில் இருந்தது. கடைக்காரனுக்குச் சுகமில்லை. சாமான் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும். வேலை நடந்துகொண்டிருக்கிறது. சித்தப்பா கோயிலுக்கு ஆட்டோவில் போனார். சாக்கு கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது.

அடக்கம் முடிந்து வந்த நாளில் எட்சன்தான் இதை எனக்குச் சொன்னான். "ஆவணி வரட்டும்னு சொன்னாரு மாமா. கொடியேத்தம் முடிஞ்ச மறுநாளு கொண்டு குடுக்கலாம்னு."

அதையும் அவனிடம்தான் சொல்லியிருக்கிறார்.

சித்தப்பா அடக்கத்தில் குழந்தைபோல் அழுதார். பெட்டியை முன்னால் பிடித்துச் சுமந்தவர் அவர். நான் அவரைப் பார்த்தபோது இரக்கம் வந்தது, அதோடு வேறொன்றும் வந்தது. எனக்குத் தெரியாத வயதிலிருந்து அப்பாவை அவருக்குத் தெரியும். அப்பா செய்த ஒவ்வொன்றும் அவரைப் பார்த்துச் செய்தது. என்னைப் பார்த்து அப்பா எதைச் செய்தார் என்று யோசித்தேன். இன்னும் யோசிக்கிறேன்.

இப்போது ஜூலை. வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கியிருக்கிறேன். முப்பந்தலில் காற்று தொடங்கிவிட்டது. இந்த வருடம் அப்பா காரை நான் ஓட்டுவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டேன். காவல்கிணற்றுக்கு ஐஸ் கொண்டு வருகிறேன் என்று எட்சன் சொன்னான். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், பிறகு சரி என்றேன்.

நேற்று சித்தப்பா வந்தார். நாற்காலியில் உட்காராமல் நின்றார்.

"மக்கா, அப்பா திருநெல்வேலி கடைல ஒரு சாமான் குடுத்திருந்தாரு. ரெடியாச்சான்னு ஒண்ணு கேக்க முடியுமா? அவசரம் ஒண்ணும் இல்ல. ஒனக்கு சவுரியம் போல."

"கேட்டுச் சொல்லுதேன் சித்தப்பா."

அவர் போனதும் அம்மா அடுக்களையிலிருந்து வந்தாள். "கட்டிலுக்க அடில கெடக்கத கடைல கேட்டுச் சொல்லுவியோ? கொண்டு குடு ஏட்டி. அப்பனுக்கும் மவளுக்கும் ஒரே குசும்பு." எங்கள் ஊரில் குசும்பு என்றால் பொறாமைதான்.

"நான் கொண்டு போவட்டா?" என்று சாயங்காலம் வந்த எட்சன் கேட்டான்.

"வேண்டாம். அது அப்பா ஏத்துக்கிட்ட வேல," என்றேன்.

சாக்கைப் பிரித்துப் பார்த்தேன். தண்டு நன்றாகவே ஆடுகிறது. இரண்டு நாள் வேலை. கடை நம்பர் அப்பா போனில் இருக்கிறது. கூப்பிட்டேன். எடுத்தவருக்கு அப்பாவைத் தெரிந்திருந்தது. மாசியிலேயே சொன்னாரே, இன்னும் வரவில்லையே என்றார். ஞாயிறு தவிர எல்லா நாளும் கடை உண்டு, எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றார்.

இன்று செவ்வாய். சாக்கு காரின் பின் சீட்டில் இருக்கிறது. கார் இன்னும் முற்றத்தில்தான் நிற்கிறது.